கரம்பு காடாகும் வகை

பயிரிட்டு வந்த புன்செய் ஒன்று சில ஆண்டுகள் கரம்பாகக் கிடந்தால் என்ன ஆகும் என்பதை நம் அங்கத்தினர்களுள் விவசாயிகள் நன்கு அறிவார்கள். முதல் மழைக்கு நெருஞ்சியும் அருகும் கோரையும் தலைகாட்டும். பின்னர்க் கொழுஞ்சியும் ஆவாரையும் வரும். அவற்றை அடுத்துச் சூரை, காரை முதலிய முட்செடிகள் புதராக மண்டும். அப்புதரின் நடுவே, எவரும் விதையாத வேம்பு ஒன்று மேலெழும். ஒரு தாவரக் கூட்டம் சென்று மற்றொன்று அவ்விடத்தைப் பெறும் இம்முறையைத் தாவர நூலார் ‘வழிமுறை வளர்ச்சி’ என்பர். ஊர்ப் பொது நிலத்தைக் காக்க விரும்பும் நமக்கு இதனை அறிந்துகொள்வது மிகவும் பயன் தரும்.

ஒன்றுமில்லாத நிலையிலிருந்து இம்மாறுதல் தொடங்கியதை அறிஞர்கள் நேரில் கண்ட இடம் ஒன்று உண்டு. ஜாவாவுக்கும் சுமத்திராவுக்கும் இடையேயுள்ள சுந்தா நீரிணையில் கிரக்கத்தோவா என்னும் எரிமலைத் தீவு இருந்தது. 1883ஆம் ஆண்டு ஆகஸ்டு 26, 27ஆம் தேதிகளில் அது வெடித்துச் சிதறியது. அப்போது எழுந்த பேரலைகளால் பெரும்பாலும் கரையோர மக்களாக 36,000 பேருக்கு மேல் மாண்டனர். தீவின் மூன்றில் இரண்டு பங்கு கடலில் மறைந்தது. எஞ்சிய பகுதியைச் சுடுசாம்பல் பல மீட்டர் கனத்துக்கு மூடியது. அங்கிருந்த உயிர்கள் யாவும் அழிந்தன என்றே கருதப்படுகிறது.

1884ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்குச் சென்ற குழுவினர் கண்ட உயிர் ஒரே ஒரு சிறு சிலந்திதான். காற்றில் மிதந்து வந்த அது, பிடிப்பதற்கு ஓர் ஈயும் இல்லாத இடத்தில் வலை பின்னிக் கொண்டிருந்தது. அத்தீவின் முதற்குடி ஒரு நெசவாளி என்று நம் நெசவாள அன்பர்கள் மகிழலாம்! 1886ஆம் ஆண்டில் ஜாவாவின் தாவரத் தோட்டத் தலைவர் டிரெப் என்பவர் சென்றபோது, சாம்பலின் மேல் நீலப்பச்சைப் பாசி மெல்லிய படலமாகப் படர்ந்திருந்தது. அப்படலத்தின் மேல் 11 வகைப் பெரணிகள் முளைத்திருந்தன. கடற்கரையில் அடம்பு முதலியன வேரூன்றியிருந்தன. 1897ஆம் ஆண்டில் உட்பகுதியை நாணலும் தர்ப்பையும் மூடியிருந்தன. கரையில் சவுக்கு வளர்ந்திருந்தது. 1930ஆம் ஆண்டளவில் புல்வெளியின் பெரும்பகுதி காடாகிவிட்டது.

இது எவ்வாறு நிகழ்ந்தது? பாசி சாம்பலைப் பிணைத்து ஈரத்தைக் காத்தது. பெரணியும் புல்லும் மடிந்து மக்கி மண்ணுக்கு உரமாயின. சவுக்கின் வேரில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்த்தன. அத்தி இனத்து மரங்களின் விதைகளைப் பறவைகளும் வௌவால்களும் கொணர்ந்தன. மரநிழல் அடர்ந்ததும், வெயில் விரும்பும் புல் தான் பண்படுத்திய நிலத்திலேயே இடமிழந்தது. பாவு தோய்ந்து உலராமல் தறியேறாது என்பதை நெசவாளர் அறிவர். மண்ணிலும் முந்திய வேலை முடியாமல் பிந்திய வேலை நடவாது.

இவ்வரிசை எங்கும் ஒரே முடிவை நோக்கிச் செல்லும் என்று 1916ஆம் ஆண்டில் கிளெமெண்ட்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் எழுதினார். எந்த விதை எப்போது வந்து விழுகிறது என்னும் தற்செயலுக்கும் பெரும் பங்கு உண்டென்று 1926ஆம் ஆண்டில் கிளீசன் என்பவர் மறுத்தார். பிற்கால ஆராய்ச்சி கிளீசன் கூற்றுக்கு வலுவளித்தது. முன்வந்த செடி பின்வருவதற்கு உதவுவதும் உண்டு. அதனை வரவொட்டாமல் தடுப்பதும் உண்டு என்பது இன்று தெளிவாகியிருக்கிறது.

இனி நம் நிலத்துக்கு வருவோம். கரம்பில் மண்ணும் வேரும் உறங்கும் விதைகளும் முன்னமே இருப்பதால், எரிமலைச் சாம்பலைவிட அது விரைவில் தேறும். கொழுஞ்சியும், சாயத்துக்குப் பெயர்பெற்ற அவுரியும் வேர் முடிச்சுகளால் தழைச்சத்தைச் சேர்க்கின்றன. முட்புதர் வந்ததும், “நிலம் பாழாயிற்று, வெட்டி எறிவோம்” என்று சொல்வது வழக்கம். உண்மையில் அந்த முள்ளே இளங்கன்றை ஆட்டின் வாயிலிருந்து காக்கிறது. அதன் கிளையில் அமரும் பறவையே வேப்பம் விதையை இடுகிறது. அதை வெட்டினால் பல ஆண்டு வேலை ஒரே நாளில் வீணாகிவிடும். ஆண்டுதோறும் தீ வைப்பதும், ஓயாது மேய்ப்பதும் நிலத்தை மீண்டும் நெருஞ்சிக்கே கொண்டுபோய் விடும்.

சீமைக் கருவேல் மட்டும் இதற்கு விலக்கு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட இம்மரம் அடர்ந்து மண்டி, நாட்டுக் கன்றுகளைத் தலையெடுக்க விடுவதில்லை. அடியில் வெட்டினால் மறுபடியும் துளிர்க்கும். ஆகவே அதனை இளமையிலேயே வேருடன் அகற்ற வேண்டும்.

பொது நிலம் முழுவதையும் ஒரே சமயத்தில் அடைத்துவிடலாமா? கூடாது. இரண்டு ஆடு வைத்துப் பிழைப்பவரும், சுள்ளி பொறுக்கி அடுப்பெரிப்பவரும் அதனை நம்பியிருக்கின்றனர். அவர்கள் வயிற்றில் அடித்து வளர்க்கும் காடு நிலைக்காது. ஆகையால் ஒரு பகுதியை மட்டும் அடைத்து, மற்றதை மேய்ச்சலுக்கு விடுவதே முறை. அடைத்த பகுதியிலும் புல்லை அறுத்துச் செல்ல அனுமதிக்கலாம். கன்றுகள் ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரம் வளர்ந்தபின் அடுத்த பகுதியை அடைக்கலாம்.

எந்தப் பகுதி, எத்தனை ஆண்டு, காவல் யார் என்பவற்றை ஊரார் கூடி முடிவு செய்ய வேண்டும். ஒருவர் அடைத்து மற்றொருவர் திறந்துவிட்டால் பயனில்லை. பலன் முழுவதையும் காண நம் ஆயுள் போதாமல் போகலாம். ஆயினும் முட்புதரைக் கண்டு அரிவாளை எடுக்குமுன், அதன் நடுவே வேப்பங்கன்று நிற்கிறதா என்று ஒருமுறை விலக்கிப் பார்ப்போமாக.