ஜனவரியில் பிறந்தா டீமு... டிசம்பரில் பிறந்தா வீடு! மாவட்ட கால்பந்து தேர்வில் குமரி பசங்க கோட்டை விடுவது எங்கே?

நாகர்கோவில்:

குமரி மாவட்ட கடற்கரையில் கால்பந்து இல்லாத ஊரை தேடித்தான் பார்க்கணும். நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை என்று மேற்கு கடைசியில் வரிசையாக நிற்கும் ஊர்களில், நடக்க பழகின பயல் அடுத்து பழகுவது பந்தை உதைக்கத்தான். சாயந்திரம் ஆகிவிட்டால் மணலில் செருப்பை போட்டு கோல் போஸ்ட் ஆக்கி விடுவார்கள்.

ஆனால் ‘மாவட்ட ஜூனியர் அணிக்கு வீரர்கள் தேர்வு’ என்று அறிவிப்பு வந்துவிட்டால் கதையே வேறு. ஒரு கிளப்பில் இருந்து 10 பேர் பூட்ஸை பையில் போட்டுக்கொண்டு கிளம்பினால், ஒருத்தனோ ரெண்டு பேரோதான் சிரிச்ச முகத்தோடு திரும்புவான். மிச்ச பேருக்கு கிடைப்பது வெயிலும் பஸ் செலவும்தான்.

‘எம் மவன் நல்லாதானே ஆடுனான், ஏன் எடுக்கல?’ என்று கேட்காத அப்பா கிடையாது. உடனே ‘சிபாரிசு’ என்று பேச்சு வரும். ஆனால் சிபாரிசே இல்லாத இடத்திலும் நல்ல பசங்க விட்டு போவதற்கு வேறு காரணங்கள் இருக்கு. அதை பெத்தவங்களும் கிளப்புகளும் தெரிஞ்சிக்கிட்டா பாதி பேரை காப்பாத்தலாம்.

ஒரு சர்டிபிகேட்டின் விலை

முதலில் இதுக்கு ஏன் இத்தனை அடிதடி என்று பார்ப்போம்.

மத்திய அரசு வேலைகளில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு தனித்தனி படிவங்கள் உண்டு. நாட்டுக்காக ஆடினால் படிவம் 1. மாநில அணிக்காக தேசிய போட்டியில் ஆடினால் படிவம் 2. பல்கலைக்கழக அணிக்காக ஆடினால் படிவம் 3. தேசிய பள்ளி விளையாட்டில் மாநிலத்துக்காக ஆடினால் படிவம் 4.

தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கு. இன்ஜினியரிங், மருத்துவ படிப்புகளிலும் தனி இடம் உண்டு. ரயில்வே, சுங்க இலாகா, வங்கி என்று பந்தை நம்பியே வேலைக்கு போனவர்கள் தமிழகத்தில் நிறைய.

ஆனால் ஒரு விஷயம். மாவட்ட அணியில் ஆடின சர்டிபிகேட்டை மட்டும் வைத்து வேலை கிடைக்காது. மாவட்ட அணி என்பது முதல் படி. அந்த படியில் நின்றால்தான் மாநில அணி தேர்வாளர் கண்ணில் படுவான். மாநில அணியில் போனால்தான் படிவம். முதல் படியிலேயே கழட்டி விட்டால் மேலே எதுவும் கிடையாது.

2017 நவம்பர் 30ந்தேதி ஒகி புயல் அடித்தபோது இந்த கடற்கரை ஊர்கள் எத்தனை உயிர்களை பறிகொடுத்தது என்று குமரிக்காரர்களுக்கு சொல்ல தேவையில்லை. அதுக்கு பிறகு ‘நம்ம பிள்ளை கடலுக்கு போகாம கரையில ஒரு வேலை பார்த்தா போதும்’ என்று நினைக்கிற வீடுகள் அதிகம். அந்த வீட்டு பையனுக்கு இந்த தேர்வு விளையாட்டு அல்ல, வாழ்க்கை.

உள்ளே போக 3 வாசல்

* கிளப் வழி: மாவட்ட கால்பந்து கழகம் கிளப் பசங்களை கூப்பிட்டு தேர்வு வைக்கும். மாவட்ட அணிகள் மோதும் போட்டியில் இருந்து தமிழ்நாடு கால்பந்து சங்கம் மாநில அணிக்கு ஆள் பார்க்கும். ஜூனியர் பசங்களுக்கான பெரிய தேசிய போட்டி, மேற்கு வங்க முதல்வராக இருந்த டாக்டர் பி.சி.ராய் பெயரில் 1962ல் ஆரம்பித்த கோப்பை. அதற்கும் சின்ன பசங்களுக்கு மீர் இக்பால் உசேன் கோப்பை.

* பள்ளி வழி: குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று பள்ளி அணிகள் மேலே போகும். தேசிய பள்ளி விளையாட்டில் 14, 17, 19 வயது என்று 3 பிரிவு. 1960ல் தொடங்கிய சுப்ரதோ கோப்பையில் பள்ளி அணியே நேராக டெல்லி வரை போகலாம்.

* அரசு வழி: முதலமைச்சர் கோப்பை. பள்ளி மாணவர்களுக்கு 12 முதல் 19 வயது, கல்லூரி மாணவர்களுக்கு 17 முதல் 25 வயது.

ஒரு வாசல் மூடினால் இன்னொரு வாசலை தட்டலாம். இது தெரியாமலேயே ‘மாவட்ட டீம்ல எடுக்கல’ என்று ஒரே அடியாக பந்தை பரணில் போட்ட பசங்க உண்டு.

கொஞ்ச நேரத்தில் தலையெழுத்து

தேர்வு நாளில் என்ன நடக்கும்? காலையில் பெயர் கொடுக்கணும். வயது சான்று பார்ப்பார்கள். கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் பந்து பயிற்சி. அப்புறம் ரெண்டு அணியாக பிரித்து ஆட விடுவார்கள். பசங்க கூட்டம் அதிகம் என்றால் ஒரு பையனுக்கு 15, 20 நிமிஷம் கிடைத்தால் பெரிசு.

அந்த 20 நிமிஷத்தில் அவன் காலுக்கு எத்தனை தடவை பந்து வரும்? 5 தடவை வரலாம், 6 தடவை வரலாம். முன்பின் தெரியாத பசங்களோடு ஆடும்போது யாரும் பாஸ் கொடுக்க மாட்டான். ஆளாளுக்கு ‘நான்தான் கோல் அடிக்கணும்’ என்று ஓடுவான். நிதானமாக பாஸ் போட்டு ஆட்டத்தை கட்டுகிற பையன் யார் கண்ணிலும் பட மாட்டான். தனியா பந்தை வெட்டி எடுத்து ஓடுகிறவன்தான் தெரிவான்.

தேர்வாளரை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆடுவது 11 பேர், மாற்று ஆட்டக்காரர்களையும் சேர்த்து 18, 20 பேர். கூட்டமோ பெரிய கூட்டம். சீக்கிரம் முடிவெடுக்கணும். அப்படி அவசரத்தில் பார்க்கும்போது மனுஷன் கண் எங்கே போகும்? உயரமான பையன், தடியான பையன், வேகமா ஓடுற பையன் பக்கம்தான்.

பிறந்த மாசம் செய்யும் வேலை

இங்கேதான் விஷயமே இருக்கு.

வயது பிரிவை பெரும்பாலும் ஜனவரி 1ந்தேதியை வைத்து கணக்கு போடுகிறார்கள். ஜனவரி 5ந்தேதி பிறந்தவனும் டிசம்பர் 25ந்தேதி பிறந்தவனும் ஒரே வருஷம் என்றால் ஒரே பிரிவு. ஆனால் ரெண்டு பேருக்கும் நடுவில் கிட்டத்தட்ட ஒரு வருஷ வித்தியாசம். 30 வயதில் ஒரு வருஷம் ஒண்ணுமே இல்லை. 13 வயதில் அது மலை மாதிரி. ஒருத்தனுக்கு மீசை அரும்பியிருக்கும், இன்னொருத்தனுக்கு குரல்கூட உடைந்திருக்காது.

போதாததற்கு, ஒரே நாளில் பிறந்த பசங்களே ஒரே வேகத்தில் வளருவதில்லை. ஒரே வகுப்பில் படிக்கும் 13 வயது பசங்களின் உடம்பை எலும்பு வளர்ச்சியை வைத்து பார்த்தால் 3, 4 வருஷ வித்தியாசம்கூட தெரியும் என்கிறார்கள் டாக்டர்கள்.

இதை முதன்முதலில் உலகத்துக்கு தெளிவாக காட்டியவர்களில் ஒருவர் கனடா நாட்டு மனோதத்துவ நிபுணர் ரோஜர் பார்ன்ஸ்லி. 1985ல் அந்த நாட்டு ஐஸ் ஹாக்கி ஜூனியர் அணிகளின் பட்டியலை எடுத்து பிறந்த தேதியை பார்த்தார். ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்தவர்கள் கூட்டமாக இருந்தார்கள். அக்டோபர், நவம்பர், டிசம்பரில் பிறந்தவர்கள் ரொம்ப கொஞ்சம். அதற்கு பிறகு கால்பந்து, ரக்பி என்று பல ஆட்டங்களில், பல நாடுகளில் இதே கதைதான் தெரிந்தது.

எப்படி நடக்குது? முதல் தேர்வில் உடம்பு பெரிசா இருக்கிறவனை எடுக்கிறார்கள். அவனுக்கு நல்ல கோச், நல்ல மைதானம், வெளியூர் மேட்ச் கிடைக்குது. 3 வருஷம் கழித்து பார்த்தால் அவன் நிஜமாகவே நல்லா ஆடுவான். ‘பார்த்தியா, அன்னைக்கே சரியாதானே எடுத்தோம்’ என்பார்கள். அன்று விட்டுப்போன சின்ன பையனுக்கும் அதே 3 வருஷம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருப்பான் என்று யாருக்கும் தெரியாது.

மற்ற நாட்டில் என்ன செய்யுறாங்க?

ஒருவரை ஒருவர் மோதி ஆடும் ரக்பியில் இது இன்னும் ஆபத்து. பெரிய பையன் சாடினால் சின்ன பையனுக்கு எலும்பு முறியும். அதனால் நியூசிலாந்தில் ஆக்லாந்து பகுதியில் சின்ன பசங்க ரக்பிக்கு வயதோடு எடையையும் பார்த்து அணி பிரிக்கும் வழக்கம் இருக்கு.

பெல்ஜியம் கால்பந்து சங்கம் மெதுவாக வளரும் பசங்களுக்கு என்றே தனியாக இன்னொரு தேசிய அணி வைத்தது. ‘இவன் இன்னைக்கு சின்னவன், நாளைக்கு வளருவான்’ என்று காத்திருக்கும் அணி அது. இங்கிலாந்தில் பிறந்த தேதியை விட்டுவிட்டு உடல் வளர்ச்சியை வைத்து பிரித்து போட்டி நடத்தி பார்த்தார்கள்.

நம்ம ஊரில் இதற்கு பெரிய செலவு வேண்டாம். தேர்வு நாளில் பசங்க மார்பில் நம்பர் ஒட்டும்போது, முதல் 6 மாசத்தில் பிறந்தவனுக்கு ஒரு கலர், அடுத்த 6 மாசத்தில் பிறந்தவனுக்கு இன்னொரு கலர் ஒட்டினால் போதும். தேர்வாளருக்கு ஒரு நிமிஷம் யோசனை வரும்.

இரவிபுத்தன்துறை சொல்லும் பாடம்

இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் பேரை கேட்டால் தூத்தூர் பக்கம் சின்ன பிள்ளையும் சொல்லும். சென்னை சிட்டி அணியில் ஐ லீக் ஆடினார். 2018ல் ஜாம்ஷெட்பூர் அணி, 2019ல் கொல்கத்தா ஏ.டி.கே. அணி. அந்த அணி 2019-20 சீசனில் ஐ.எஸ்.எல். கோப்பையை தூக்கியது. இந்திய அணி சட்டையும் போட்டவர்.

அவர் பிறந்தது 1994 அக்டோபர் 30ந்தேதி. அதாவது வருஷத்தின் கடைசியில். இந்த கடற்கரையில் கடைசி மாசங்களில் பிறந்த பையனை பார்த்து ‘இவன் தேற மாட்டான்’ என்று சொல்வதற்கு முன்னால் இந்த தேதியை ஒரு தடவை நினைத்துக்கொண்டால் நல்லது.

செவன்ஸ் வேறு, லெவன்ஸ் வேறு

குமரி பசங்க கோட்டை விடும் இன்னொரு இடம் இது. ஊர் திருவிழா, லீவு நாள் என்றால் செவன்ஸ் போட்டிதான். சின்ன மைதானம், 7 பேர், லைட் வெளிச்சம், கோப்பை, பரிசு பணம். பையன் அங்கே ராஜா.

ஆனால் மாவட்ட தேர்வு 11 பேர் ஆட்டம். மைதானம் பெரிசு. எந்த இடத்தில் நிற்கணும், பந்து இல்லாதபோது எங்கே ஓடணும் என்று தெரியாவிட்டால் அரை மணி நேரத்தில் மூச்சு வாங்கிவிடும். மணலில் வெறுங்காலில் ஆடி பழகினவன் தேர்வு அன்றைக்கு புது பூட்ஸ் போட்டால் பந்தும் நிற்காது, காலும் நிற்காது. செவன்ஸ் கோப்பை எத்தனை அலமாரியில் இருந்தாலும் அந்த சர்டிபிகேட் வேலை வாய்ப்புக்கு செல்லாது.

பேப்பர் சரியில்லை, வீட்டுக்கு போ!

நல்லா ஆடியும் மேசையிலேயே திரும்புகிற பசங்க உண்டு. பள்ளிக்கூடத்தில் சேர்க்க வயசு பத்தவில்லை என்று மே மாசம், ஜூன் மாசம் என்று ஏதோ ஒரு தேதியை எழுதியிருப்பார்கள். பிறப்பு சான்றிதழில் ஒரு தேதி, பள்ளியில் ஒரு தேதி, ஆதாரில் ஒரு தேதி. தேர்வு அன்று இதை சரி பண்ண முடியாது.

வயதை குறைத்து காட்டுவதும் இனி நடக்காது. மணிக்கட்டு எலும்பை படம் எடுத்து வயதை கணிக்கும் முறை வந்துவிட்டது. உலக கால்பந்து சம்மேளனம் 17 வயது உலக கோப்பையில் 2009ல் இருந்து மணிக்கட்டு ஸ்கேன் எடுக்குது. மாட்டினால் தடை. ஒருத்தன் வயதை குறைத்து உள்ளே வந்தால், வெளியே போவது நிஜ வயதில் வந்த ஒரு சின்ன பையன்.

பெத்தவங்க, கிளப்புகள் கவனத்துக்கு...

* பிறப்பு சான்றிதழ், ஆதார், பள்ளி பதிவு மூன்றிலும் பேரும் தேதியும் ஒன்றாக இருக்கா என்று இன்றைக்கே பாருங்க.

* தேர்வுக்கு 2 மாசம் முன்னாலிருந்து வாரத்தில் ஒரு நாளாவது 11 பேர் ஆட்டம், பூட்ஸ் போட்டு.

* தேர்வு மேசையில் ‘நான் என்ன இடத்தில் ஆடுறவன்’ என்று பையன் வாய் திறந்து சொல்லணும். இடது பேக் ஆடுறவனை முன்னால் நிறுத்தினால் அவனால் என்ன காட்ட முடியும்?

* மேற்கு கடற்கரை ஊர்களில் இருந்து நாகர்கோவில் வர பஸ் மாறணும். விடியற்காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பி வந்து வெயிலில் ஓடினால் கால் பின்னும். பசங்களை சேர்த்து ஒரே வண்டியில் கிளப் கூட்டிவந்தால் நல்லது.

* எடுக்கவில்லை என்றால் ஏன் என்று மரியாதையாக கேளுங்க. ‘வேகம் பத்தல’, ‘இடது கால் வரல’ என்று ஒரு வார்த்தை கிடைத்தாலும் அடுத்த வருஷத்துக்கு அது பாடம்.

தேர்வாளர் பார்ப்பது அந்த ஒரு நாளை மட்டும். கிளப் கோச் பார்ப்பது 365 நாளையும். பட்டியலில் பேர் வராத பையன் மறுநாள் சாயந்திரம் மணலுக்கு வரவில்லை என்றால், வீட்டு வாசலில் போய் ‘எலேய் மக்கா, வாலே... ஆள் குறையுது’ என்று கூப்பிட வேண்டியது கிளப்தான். அந்த ஒரு குரலுக்காக உள்ளே உட்கார்ந்து காத்துக்கொண்டு இருப்பான் அவன்.