தீர விசாரிப்பதே மெய்

நுழையும்முன்

பெருந்துயர் ஒன்று நிகழ்ந்ததும் ‘ஏன் இப்படி நேர்ந்தது?’ என்று உலகம் கேட்கிறது. அவ்வினாவுக்கு உண்மையான விடை கிடைக்கப் பல மாதங்கள் ஆகலாம். அதற்குள் ஆயிரம் பொய்விடைகள் சமூக ஊடகங்களில் பரவிவிடுகின்றன. அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு பாலத்தின் வீழ்ச்சியை முன்வைத்து, சதிக்கதைகள் தோன்றிப் பரவும் முறையையும் அவற்றைப் பகுத்தறியும் வழியையும் இப்பாடம் விளக்குகிறது.

நான்கு நிமிடங்கள்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள துறைமுக நகரம் பால்டிமோர். அங்கே படாப்ஸ்கோ ஆற்றின் குறுக்கே ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் 1977ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 2024 மார்ச் 26 அன்று, நள்ளிரவு கடந்த வேளையில், ‘டாலி’ என்னும் சரக்குக் கப்பல் அத்துறைமுகத்திலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்டது. ஏறத்தாழ 300 மீட்டர் நீளமுடைய அக்கப்பலில் பணியாற்றியோருள் பெரும்பாலோர் இந்தியர். இலங்கையர் ஒருவரும் இருந்தார்.

பாலத்தை நெருங்கும்போது கப்பலில் மின்சாரம் தடைப்பட்டது. விளக்குகள் அணைந்தன; மீண்டும் எரிந்தன; மறுபடியும் அணைந்தன. இயந்திரம் நின்றமையால் கப்பல் கட்டுப்பாட்டை இழந்து பாலத்தின் தூணை நோக்கி நகர்ந்தது. கப்பலிலிருந்து ஆபத்துச் செய்தி அனுப்பப்பட்டது. அதனைப் பெற்ற காவலர்கள் விரைந்து பாலத்தின் இரு முனைகளிலும் வாகனங்களைத் தடுத்து நிறுத்தினர். அச்செயலால் பல உயிர்கள் காக்கப்பட்டன. ஆயினும், அந்நேரத்தில் பாலத்தின்மீது சாலைப்பள்ளங்களைச் செப்பனிடும் பணியில் ஈடுபட்டிருந்த தொழிலாளர்களுள் அறுவர் உயிரிழந்தனர். அவர்கள் பிழைப்புத்தேடி மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடோர் ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். விளக்குகள் முதன்முறை அணைந்ததற்கும் பாலம் வீழ்ந்ததற்கும் இடையே கடந்தவை ஏறத்தாழ நான்கு நிமிடங்களே.

விடியலுக்குள் எழுந்த கதைகள்

பாலம் சரிந்த காட்சி நிழற்படக் கருவியில் பதிவாகியிருந்தது. பொழுது விடிவதற்குள் உலகெங்கும் மக்கள் அதனைத் தம் அலைபேசியில் கண்டனர். ‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்னும் நம் பழமொழியின் பொருள் அன்று விளங்கியது. அனைவரும் கண்டது ஒரே காட்சி. ஆனால், அதற்கு ஒவ்வொருவரும் உரைத்த காரணம் வேறு. விளக்குகள் அணைந்து எரிந்ததைச் சிலர் இணையவழித் தாக்குதலின் அடையாளம் என்றனர். கப்பல் திசைமாறியதைச் சிலர் திட்டமிட்ட செயல் என்றனர். வேறு சிலர் பகைநாட்டின் சூழ்ச்சி என்றனர். மாலுமிகளின் நாட்டினைச் சுட்டி இகழும் கேலிச்சித்திரம் ஒன்றும் வலம்வந்தது. ஆபத்துச் செய்தி அனுப்பப்பட்ட கப்பலில் இருந்தோரே குற்றவாளிகளாகச் சித்திரிக்கப்பட்டனர்.

பயங்கரவாதத்துடன் இந்நிகழ்வைத் தொடர்புபடுத்தும் சான்று எதுவும் இல்லை என அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை அன்றே அறிவித்தது. கதைகள் அடங்கவில்லை. ‘இத்துணை விரைவாக மறுக்கிறார்களே, எதையோ மறைக்கிறார்கள்’ என்று அந்த அறிவிப்பையே சிலர் சான்றாக்கினர். சதிக்கதையின் முதன்மை இயல்பு இதுவே. ஆதரவாகச் சான்று கிடைத்தால் அது கதையை உறுதிசெய்கிறது. எதிராகச் சான்று கிடைத்தால் அதுவும் சதியின் ஒரு பகுதியாகிவிடுகிறது. எந்தச் சான்றாலும் பொய்யாக்க இயலாத கூற்றை எந்தச் சான்றாலும் மெய்ப்பிக்கவும் இயலாது.

மனம் ஏன் நம்புகிறது?

சதிக்கதைகளை நம்புவோர் அனைவரும் அறிவிலிகள் என்று கருதுதல் தவறு. மனித மனத்தின் இயல்பான சில போக்குகளே அவற்றிற்கு இடமளிக்கின்றன.

பெரிய விளைவுக்குப் பெரிய காரணம் இருந்தாக வேண்டும் என்று மனம் எதிர்பார்க்கிறது. அமெரிக்க உளவியல் ஆய்வு ஒன்று 1979இல் இதனை ஆராய்ந்தது. நாட்டுத் தலைவர்மீது ஒருவன் சுடும் நிகழ்வு ஆய்வில் பங்கேற்றோர்முன் வைக்கப்பட்டது. தலைவர் உயிர்பிழைத்தார் என்றபோது அதனைத் தனியொருவனின் செயலாகக் கொண்டவர்கள், அவர் இறந்தார் என்றபோது சதிக்கூட்டம் இருந்திருக்கும் என்று எண்ண முற்பட்டனர். செயல் ஒன்றே, விளைவு பெரிதானதும் காரணமும் பெரிதாகிவிட்டது.

அச்சமும் இதற்குத் துணைபுரிகிறது. தற்செயலாக ஒரு பாலம் விழுமாயின், நாம் நாள்தோறும் கடக்கும் பாலமும் விழக்கூடும். இவ்வெண்ணம் நம்மை நடுங்கச்செய்கிறது. பகைவன் ஒருவன் வீழ்த்தினான் என்றாலோ, சினம் கொள்வதற்கு ஒரு முகம் கிடைத்துவிடுகிறது. காரணமற்ற துயரைவிடக் கொடியவனால் நேர்ந்த துயரை ஏற்பது மனத்திற்கு எளிதாக உள்ளது.

பரவும் விரைவு

வதந்தி பழமையானது, அதன் விரைவு புதியது. ட்விட்டர் தளத்தில் 2006 முதல் 2017 வரை பரவிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 2018இல் முடிவுகளை வெளியிட்டனர். உண்மைச் செய்தியைக் காட்டிலும் பொய்ச்செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 விழுக்காடு மிகுதி என்பது அவர்களின் முடிவு. 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்குப் பொய்யைப்போல ஏறத்தாழ ஆறு மடங்கு காலம் தேவைப்பட்டது. தானியங்கிக் கணக்குகள் இந்த வேறுபாட்டிற்கு முதன்மைக் காரணமல்ல. பொய்யின் புதுமையால் கவரப்பட்ட மனிதர்களே அதனை மிகுதியாகப் பகிர்ந்தனர் என்றும் அவ்வாய்வு கூறியது.

நம் நாட்டிலும் இதன் கொடுமையை அறிவோம். குழந்தை கடத்துவோர் பற்றிய வதந்திகளால் குற்றமற்ற பலர் கும்பல்களால் அடித்துக் கொல்லப்பட்ட நிலையில், 2018இல் வாட்ஸ்அப் நிறுவனம் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு இந்தியாவில் வரம்பு விதித்தது.

துயரின்மேல் துயரம்

சதிக்கதையால் காயப்படுவோர் பெரும்பாலும் முன்னரே இழப்பைச் சுமப்பவர்களே. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள நியூடவுனில், சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் 2012 டிசம்பர் 14 அன்று நிகழ்ந்த துப்பாக்கிச்சூட்டில் 20 குழந்தைகளும் பள்ளிப் பணியாளர் அறுவரும் கொல்லப்பட்டனர். ‘அப்படியொரு நிகழ்வே நடக்கவில்லை, அழும் பெற்றோர் அனைவரும் நடிகர்கள்’ என்னும் கதை இணையத்தில் எழுந்தது. ஊடகவியலாளர் அலெக்ஸ் ஜோன்ஸ் அதனைப் பல ஆண்டுகள் பரப்பினார். மகளையும் மகனையும் இழந்த பெற்றோர்க்கு மிரட்டல்கள் வந்தன. தம் பிள்ளை வாழ்ந்ததையும் இறந்ததையும் அந்நியர்முன் மெய்ப்பிக்க வேண்டிய நிலைக்கு அவர்கள் தள்ளப்பட்டனர். வழக்குத் தொடுத்த அக்குடும்பங்களுக்கு 140 கோடி டாலருக்கும் மிகுதியான இழப்பீட்டை ஜோன்ஸ் வழங்க வேண்டுமென 2022இல் தீர்ப்பாயிற்று. துப்பாக்கிச்சூடு உண்மையாகவே நிகழ்ந்தது என்று அவரும் அவ்வாண்டு நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அதற்குள் அப்பெற்றோரின் துயரத்தில் பத்தாண்டுகள் கழிந்திருந்தன.

ஒரு கம்பியும் ஓர் அடையாளப்பட்டையும்

பால்டிமோர் பாலத்தின் வீழ்ச்சியை அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. எண்ணற்ற மின்கம்பிகள் ஓடும் கப்பலில், ஒவ்வோர் இணைப்பாக ஆராயவேண்டியிருந்தது. 20 மாதங்களுக்குப் பின், 2025 நவம்பரில் வாரியம் தன் முடிவை அறிவித்தது. மின்கம்பி ஒன்றின் முனையில் இருந்த அடையாளப்பட்டை உரிய இடத்தில் பொருத்தப்படவில்லை. அதனால் கம்பி இணைப்பானுக்குள் முழுமையாக நுழையாமல் தளர்ந்திருந்தது. அந்த இணைப்பு விடுபட்டதே முதல் மின்தடைக்குக் காரணம். கம்பி எது என்று தெரிவிப்பதற்காக ஒட்டப்பட்ட சிறு பட்டை, மாபெரும் பாலம் ஒன்றின் வீழ்ச்சிக்குத் தொடக்கமாயிற்று.

விசாரணை அத்துடன் நிற்கவில்லை. பெருங்கப்பல் மோதினால் பாலம் தாங்குமா என்ற மதிப்பீடு உரிய காலத்தில் செய்யப்படாததையும் வாரியம் கண்டறிந்தது. அந்நாட்டின் 19 மாநிலங்களில் உள்ள மேலும் 68 பாலங்களை இவ்வகையில் மதிப்பிடுமாறு 2025 மார்ச்சில் அது பரிந்துரைத்தது. உண்மைக்கும் சதிக்கதைக்கும் உள்ள பயன்வேறுபாடு இங்கே புலனாகிறது. உண்மை, சீர்செய்ய வேண்டிய கம்பியையும் காக்க வேண்டிய தூணையும் காட்டுகிறது. சதிக்கதை வெறுப்பதற்கு ஓர் ஆளை மட்டுமே காட்டுகிறது. அதனால் அடுத்த பாலம் காக்கப்படுவதில்லை.

ஐயம் வேறு, சதிக்கதை வேறு

அப்படியாயின், அரசும் அமைப்புகளும் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டுமா? வேண்டியதில்லை. உண்மையான சதிகளும் மறைப்புகளும் வரலாற்றில் உண்டு. அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 1932 முதல் 1972 வரை டஸ்கிகீயில் ஓர் ஆய்வு நடத்தியது. சிபிலிஸ் நோயுற்ற கறுப்பின ஆடவர் பலருக்கு உண்மையைக் கூறாமலும், பென்சிலின் மருந்து கிடைத்த பின்னரும் அதனை வழங்காமலும் நோயின் போக்கை அது கவனித்து வந்தது. அத்துறையில் பணியாற்றிய ஒருவர் ஐயுற்று வினா எழுப்பினார். இதழியலாளர் செய்தி வெளியிட்டார். 1972இல் ஆய்வு நிறுத்தப்பட்டது.

இங்கும் தொடக்கம் ஐயமே. ஆனால், அந்த ஐயம் ஆவணங்களைத் தேடியது. பொறுப்புடையோரிடம் விளக்கம் கேட்டது. தன் கூற்றைப் பிறர் சரிபார்க்க இடமளித்தது. சதிக்கதையோ முடிவை முதலில் வைத்துக்கொண்டு அதற்கேற்ற துணுக்குகளைப் பின்னர்ச் சேர்க்கிறது. ‘எந்தச் சான்று கிடைத்தால் உன் கருத்தை மாற்றிக்கொள்வாய்?’ என்று கேட்டால், ஐயுறுபவரிடம் விடை இருக்கும். சதிக்கதையைப் பற்றிக்கொண்டவரிடம் இராது.

பொறுத்தலும் ஓர் அறிவு

துயரச் செய்தி ஒன்று நம் கைக்கு வரும்போது சில வினாக்களை எழுப்பிக்கொள்ளலாம். இதனை முதலில் சொன்னவர் யார்? அவர் அதனை எவ்வாறு அறிந்தார்? இக்காட்சி அந்நாளில் அவ்விடத்தில் எடுக்கப்பட்டதுதானா? பொறுப்புள்ள பிற ஊடகங்களும் இதனை உறுதிசெய்துள்ளனவா? இது பொய்யாக இருப்பின், இதனால் காயப்படுபவர் யார்? விடை தெரியாதபோது, ‘இன்னும் தெரியவில்லை’ என்று சொல்வதில் இழிவில்லை.

பால்டிமோரில் உண்மை வெளிவர 20 மாதங்கள் ஆயின. பாலத்தில் உயிரிழந்த அறுவரின் குடும்பங்களும் அத்தனை மாதங்கள் காத்திருந்தன. அவர்கள் காத்திருக்கும்போது, உறுதிசெய்யப்படாத ஒரு செய்தியைப் பிறருக்கு அனுப்பாமல் நம் விரலை நிறுத்திக்கொள்வது நம்மால் இயலாத செயலன்று.