வீட்டு உரிமையாளர் உள்ளே வருமுன் தர வேண்டிய முன்னறிவித்தல்

வாடகை வீட்டின் சாவி ஒன்று உரிமையாளரிடமும் இருக்கும். அதனால் அவர் எண்ணியபோதெல்லாம் கதவைத் திறந்து உள்ளே வரலாம் என்று கருதுதல் தவறு. நியூசிலாந்தின் 1986ஆம் ஆண்டுக் குடியிருப்பு வாடகைச் சட்டத்தின் 48ஆம் பிரிவு இதனை வரையறுக்கிறது. உரிமையாளரின் முகவருக்கும் இது பொருந்தும்.

வீட்டைப் பார்வையிடுவதற்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்னதாக அறிவிக்க வேண்டும்; 14 நாள்களுக்கும் முற்பட்ட அறிவித்தல் செல்லாது. 4 வாரங்களுக்கு ஒரு முறைக்கு மேல் பார்வையிடலாகாது. அவசியமான பழுதுபார்ப்பு வேலைகளுக்கு 24 மணி நேர அறிவித்தல் போதும். இரண்டும் காலை 8 மணிக்கும் இரவு 7 மணிக்கும் இடையிலேயே நடைபெற வேண்டும். தீ, குழாய் வெடிப்பு போன்ற அவசர நிலையிலும், அவ்வேளையில் நீங்களே மனமுவந்து அனுமதிக்கும்போதும் முன்னறிவித்தல் தேவையில்லை.

அறிவித்தல் வந்த வழியையும் கவனியுங்கள். தபால் பெட்டியில் இட்ட கடிதம் இரண்டு வேலைநாள்களுக்குப் பின்னரே உங்களை அடைந்ததாகக் கொள்ளப்படும். திங்கட்கிழமை இட்ட கடிதம் புதன்கிழமை கிடைத்ததாகும். 48 மணி நேரம் அதன் பின்னரே தொடங்கும். மாலை 5 மணிக்குப் பின் வரும் மின்னஞ்சல் அடுத்த வேலைநாளுக்குரியது.

வீட்டை வாங்க விரும்புவோரையோ அடுத்து குடிவர இருப்போரையோ அழைத்து வருவதற்கு உங்கள் முன் சம்மதம் வேண்டும். நியாயமான காரணமின்றி அதனை மறுக்க இயலாது. ஆயினும், சனிக்கிழமை காலையில் மட்டும் வரலாம் என்பது போன்ற பொருத்தமான நிபந்தனைகளை விதிக்கலாம்.

உரிமையாளர் நம்மவராகவோ கோயிலில் பழகியவராகவோ இருக்கும்போது இதைச் சொல்லப் பலர் தயங்குகின்றனர். வீட்டில் பெண்கள் தனித்திருக்கும் வேளையில் அவர் திடீரென உள்ளே வந்தாலும் பொறுத்துக்கொள்கின்றனர். அவ்வாறு பொறுக்க வேண்டியதில்லை. முறையான அறிவித்தல் பெற்ற பின் நீங்கள் காரணமின்றித் தடுப்பதும் சட்டத்திற்கு முரணானதே. நீங்கள் வீட்டில் இல்லாதபோதும் அவர் வரலாம். ஆனால் வன்முறையையோ மிரட்டலையோ பயன்படுத்தி நுழையக் கூடாது.

அறிவிக்காமல் நுழைந்தால் நாளையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அதன் பின்னரும் தொடர்ந்தால் வாடகைத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். உங்களுக்கு இழப்பீடு வழங்குமாறு அது உத்தரவிட முடியும். டெனன்சி சர்வீசஸ் அலுவலகத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 0800 836 262. குடிமக்கள் ஆலோசனைப் பணியகத்தின் இலவச உதவிக்கு 0800 367 222 என்ற எண்ணை அழைக்கவும்.