கடல் மணலும் உயிரணுவின் காயமும்

மணவாளக்குறிச்சியை அடுத்த கடலோரச் சிற்றூர் ஒன்றில், கணவரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பெண்மணி ஒருவர் என்னிடம் கேட்டார்: "சார், அவருக்கு இந்த மண்ணாலதான் வந்ததா? எங்க பிள்ளைகளோட ரத்தத்தச் சோதிச்சுப் பார்த்தா தெரியுமா?" உயிர்வேதியியல் கற்பித்தே காலம் கழித்த எனக்கு அந்தக் கேள்விக்கு உடனடியாக விடை சொல்ல இயலவில்லை.

குமரிக் கடற்கரை மணலின் கதை பழையது. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கண்டறிந்தார். அதையடுத்து மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை எழுந்தது. மோனசைட்டில் தோரியம் உண்டு. அதனால் இங்குள்ள சில கடலோரப் பகுதிகளில் இயற்கைக் கதிர்வீச்சு பிற இடங்களைவிட மிகுதி. இப்போது கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேர் பரப்பில் மணல் எடுக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டிருப்பதால், அப்பெண்மணியின் கேள்வி பொதுக் கேள்வியாகிவிட்டது.

கதிர்வீச்சு உடலுக்குள் என்ன செய்கிறது? உயிரணுவில் பெரும்பகுதி நீர். கதிர், நீர் மூலக்கூறைச் சிதைக்கும்போது ஹைட்ராக்சில் என்ற தனியுறுப்பு பிறக்கிறது. அது டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளுள் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் குவானினைத் தாக்கி, அதில் ஓர் ஆக்சிஜன் அணுவை ஒட்டிவிடுகிறது. டோக்கியோவில் கசாய், நிஷிமுரா ஆகியோர் 1984-இல் இச்சிதைவை அறிவித்தனர். சிதைந்த குவானின், சைட்டோசினோடு இணைவதற்குப் பதில் அடினினோடு இணையக்கூடும். செப்பனிடும் நொதிகள் முந்திக்கொண்டு அதனை அகற்றாவிட்டால், அந்த எழுத்துப் பிழை அடுத்த தலைமுறை உயிரணுவில் நிலைத்துவிடும்.

இந்தக் காயத்தைக் கண்டறியும் எளிய கருவிதான் பிறபொருளெதிரி. சிதைந்த குவானினைப் புரதம் ஒன்றோடு பிணைத்து எலிக்குச் செலுத்தினால், அதன் உடல் அந்த வடிவத்தை அடையாளம் காணும் பிறபொருளெதிரிகளை உருவாக்கும். கோலரும் மில்ஸ்டைனும் 1975-இல் காட்டிய வழியில், அவற்றுள் ஒரே வகையை மட்டும் பிரித்துப் பெருக்கலாம். அதனுடன் ஒளிரும் சாயத்தையோ நிறமேற்றும் நொதியையோ இணைத்துவிட்டால், உயிரணுவில் எங்கே காயம் என்பதையும் சிறுநீரில் எவ்வளவு சிதைவு வெளியேறுகிறது என்பதையும் அறியலாம்.

அதே பிறபொருளெதிரி ஆர்.என்.ஏ.வில் சிதைந்த குவானினையும் பற்றுவதுண்டு. அப்போது ஆர்.என்.ஏ.வை அழிக்கும் நொதியால் மாதிரியைக் கழுவிப் பார்ப்பார்கள். ஒளி மங்கினால் காயம் ஆர்.என்.ஏ.வில் இருந்தது என்று பொருள். அல்சைமர் நோயாளிகளின் மூளை நரம்பணுக்களில் ஆர்.என்.ஏ. பெருமளவு ஆக்சிஜனேற்றம் அடைந்திருப்பது 1999-இல் இம்முறையில்தான் தெரியவந்தது.

ஆனால் இந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் ஏற்கலாகாது. நல்ல குவானினுக்கும் சிதைந்ததற்கும் முதன்மை வேறுபாடு ஓர் ஆக்சிஜன் அணுவே. பத்து லட்சம் குவானின்களில் சிதைந்தவை ஒரு சில மட்டுமே. எனவே பிறபொருளெதிரி சற்றே ஆள்மாறிப் பற்றினாலும் கணக்கு பிசகிவிடும். சிறுநீரில் இம்முறை காட்டும் அளவு, நிறைநிறமாலைமானி காட்டும் அளவைவிடக் கூடுதலாக இருப்பது பல ஆய்வகங்களில் கண்ட உண்மை. டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் வேலையே புதிய சிதைவை உண்டாக்குவதும் உண்டு.

அதனினும் முக்கியமான வரம்பு வேறொன்று. காயத்தின் மீது அதன் காரணம் எழுதப்பட்டிருப்பதில்லை. புகைபிடிப்போரின் சிறுநீரில் இச்சிதைவு ஏறத்தாழ 50 விழுக்காடு கூடுதல் என டென்மார்க் ஆய்வு ஒன்று 1992-இல் கண்டது. நாம் சுவாசிப்பதனாலேயே நாள்தோறும் இத்தகைய காயங்கள் தோன்றிச் செப்பனிடப்படுகின்றன. ஆகவே, ஒருவருடைய ரத்தத்தைச் சோதித்து 'இது மணலால் வந்தது' என்று எவரும் சான்றளிக்க முடியாது. 'மணலால் வரவில்லை' என்றும் சான்றளிக்க முடியாது.

தனிமனிதருக்குச் சொல்ல முடியாததை மக்கள்தொகைக்குச் சொல்ல முடியும். கேரளத்தின் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, அங்குள்ள இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் மிகவில்லை என்று 2009-இல் தெரிவித்தது. டி.என்.ஏ. இழைமுறிவைக் காட்டும் பிறபொருளெதிரியைக் கொண்டு பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர் கேரளக் கடற்கரையில் செய்த ஆய்விலும் முறிவுகள் மிகுந்திருக்கவில்லை. எனினும், அங்குள்ள மரபணுக்களை ஆராய்ந்து 2002-இல் வெளியான மற்றோர் ஆய்வு, இழைமணி டி.என்.ஏ.வில் மாற்றங்கள் கூடியிருப்பதாகக் கண்டது. இம்முடிவுகள் பீதிக்கும் இடம் தரவில்லை, அலட்சியத்துக்கும் இடம் தரவில்லை.

கொல்லத்தின் முடிவைக் குமரிக்கு இரவல் வாங்குவது போதாது. இங்கேயே, மணல் மிகுந்த ஊர்களையும் உள்நாட்டு ஊர்களையும் ஒப்பிட்டு, வீடுதோறும் கதிர்வீச்சை அளந்து, புகைப்பழக்கம், வயது, தொழில் ஆகியவற்றைக் கணக்கில் கொண்டு ஆய்வு செய்ய வேண்டும். பிறபொருளெதிரிச் சோதனை முதற்சல்லடையாகவும் நிறைநிறமாலைமானி உறுதிசெய்யும் உரைகல்லாகவும் அமையலாம். புதிய சுரங்கத்துக்கு மண்வெட்டி இறங்கும் முன்பே இன்றைய நிலையைப் பதிவு செய்யாவிட்டால், பின்னர் ஒப்பிட எதுவும் மிஞ்சாது.

அப்பெண்மணிக்கு நான் சொன்ன விடை இதுதான்: "அம்மா, உங்கள் வீட்டைப் பற்றி மட்டும் கேட்டால் அறிவியலிடம் பதில் இல்லை. ஊர் முழுவதும் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்." அந்தப் பதிலைத் தேடி, தமிழில் எழுதி, ரத்தம் கொடுத்தவர்களின் கையிலேயே முதலில் தருவது அரசின் கடமை.