நான் எந்தக் கட்சி?

மனிதனைப் பிடிக்கக்கூடிய பைத்தியங்கள் பல. சங்கீதப் பைத்தியம் பிடித்தவன் தூக்கத்தை இழக்கிறான். சீட்டாட்டப் பைத்தியம் பிடித்தவன் பணத்தை இழக்கிறான். கிரிக்கெட் பைத்தியம் பிடித்தவனோ இவ்விரண்டையும் இழப்பதோடு, சில சமயம் தன் நியாய புத்தியையும் இழந்துவிடுகிறான். பிறரைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. என் சொந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

2008-ஆம் வருஷம் ஐ.பி.எல். பந்தயம் ஆரம்பமாயிற்று. எட்டு அணிகள் ஏற்பட்டன. ஆட்டக்காரர்களை ஏலம் போட்டு எடுத்தார்கள். மனிதரை ஏலம் விடுவதாவது என்று முதலில் நான் முகம் சுளித்தது உண்மை. ஆனால் சென்னை அணிக்கு ராஞ்சியிலிருந்து வந்த ஸ்ரீ மகேந்திர சிங் தோனி, சில வாரங்களுக்குள் எங்கள் திருவல்லிக்கேணித் தெருவிலேயே வளர்ந்த பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். 2010-லும் 2011-லும் நம் அணி கோப்பையை வென்றபோது, ஏலத்தைப் பற்றிய என் ஆட்சேபங்கள் இருந்த இடம் தெரியவில்லை.

என் மைத்துனர் பம்பாயில் மாதுங்காவாசி. ஆகவே மும்பை அணியின் அபிமானி. எங்கள் குடும்பத்தில் கல்யாணமானாலும் சீமந்தமானாலும், பந்தியில் ரசத்துக்கும் மோருக்கும் நடுவே ஒரு கிரிக்கெட் சண்டை தவறாமல் பரிமாறப்படும்.

இப்படியிருக்கையில் 2013-ஆம் வருஷம் மே மாதம் 16-ஆம் தேதி, ராஜஸ்தான் அணியின் ஆட்டக்காரர் மூவரை டில்லிப் போலீஸார் கைது செய்தார்கள். சூதாடிகளுடன் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட ஓவரில் ஓட்டங்களை விட்டுக் கொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அன்று சாயங்காலம் நான் என் வீட்டுக் கூடத்தில் செய்த பிரசங்கத்தைக் கேட்டிருக்க வேண்டும்! தேசத்தின் ஒழுக்கம், இளைஞர்களின் எதிர்காலம், பணத்தாசையின் விபரீதம் ஒன்றையும் விடவில்லை. விசாரணை, சாட்சி, வக்கீல் என்ற சிரமம் எதுவுமின்றி மூவருக்கும் தீர்ப்பே சொல்லிவிட்டேன்.

எட்டு நாள் சென்றது. மே 24-ஆம் தேதி சென்னை அணியின் நிர்வாகத்துடன் சம்பந்தப்பட்டவரும், கிரிக்கெட் வாரியத் தலைவரின் மருமகனுமான ஒருவர், பந்தயம் கட்டியதாக மும்பையில் கைதானார். அவர் உரிமையாளரும் அல்ல, பெரிய அதிகாரியும் அல்ல, வெறும் கௌரவ அங்கத்தினரே என்று அணியின் தரப்பில் அறிக்கை வந்தது. அந்த அறிக்கையை நான் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன். "குற்றம் ருசுவாகும் வரையில் ஒருவரைக் குற்றவாளி என்று சொல்லலாமா?" என்று வீட்டில் எல்லோரையும் கேட்டேன்.

என் தர்மபத்தினி, "போன வாரம் அந்த ராஜஸ்தான் பிள்ளைகளுக்கு இந்தச் சட்டம் இல்லையா?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். மறுபடி அந்தக் கேள்வியை அவள் கேட்கவில்லை. கேட்கவும் அவசியமிருக்கவில்லை. (அந்த மூவரையும் 2015-இல் டில்லிக் கோர்ட்டு கிரிமினல் வழக்கிலிருந்து விடுவித்தது. வாரியம் விதித்த தண்டனை வேறு விஷயம்.)

உண்மையில் சங்கடம் ஒரு மருமகனோடு முடிந்துவிடவில்லை. சென்னை அணியை நடத்தியது இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனி. அதன் நிர்வாகத் தலைவரான ஸ்ரீ என். சீனிவாசன்தான் அச்சமயம் கிரிக்கெட் வாரியத்துக்கும் தலைவர். வாரிய நிர்வாகிகள் இத்தகைய பந்தயங்களில் வியாபார சம்பந்தம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று முன்பு இருந்த விதியை, 2008-இல் ஐ.பி.எல். போன்றவற்றுக்கு விலக்கு அளித்துத் திருத்தியிருந்தார்கள். பஞ்சாயத்தாரே ஒரு கட்சிக்காரராகவும் இருந்தால், அவர் எவ்வளவு நேர்மையாளராயினும், தீர்ப்பை ஊர் நம்புமா?

2015-ஆம் வருஷம் ஜனவரி 22-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்தத் திருத்தத்தை ரத்துச் செய்தது. மருமகன் அணியின் நிர்வாகியே என்றும், அவர் பந்தயம் கட்டியது ருசுவாயிற்று என்றும் கூறியது. விஷயத்தை மூடி மறைத்ததாக ஸ்ரீ சீனிவாசன் மீது சொல்லப்பட்டது ருசுவாகவில்லை என்றும் அதே தீர்ப்பில் கண்டிருந்தது. பிறகு ஜஸ்டிஸ் லோதா கமிட்டி, ஜூலை 14-ஆம் தேதி, சென்னை அணியையும் ராஜஸ்தான் அணியையும் இரண்டு வருஷம் விலக்கி வைத்தது.

அன்று எங்கள் வீடு துக்க வீடு மாதிரி இருந்தது. மாதுங்காவிலிருந்து மைத்துனர் டெலிபோனில் கூப்பிட்டார். பரிகாசம் செய்யப் போகிறார் என்று நினைத்துப் பயந்துகொண்டே எடுத்தேன். "சென்னை இல்லாத பந்தயத்தில் ஜயித்து எங்களுக்கு என்ன ருசி?" என்றார் அவர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ராஜஸ்தான் விஷயத்தில் நான் நடந்துகொண்டதை எண்ணி வெட்கமும் வந்தது.

2018-இல் நம் அணி திரும்பிற்று. ஏப்ரல் 10-ஆம் தேதி சேப்பாக்கத்தில் கல்கத்தாவுடன் ஆட்டம். அப்போது தமிழ்நாடெங்கும் காவேரிக் கிளர்ச்சி. ஆறு வாரத்துக்குள் ஏற்பாடு செய்யும்படி சுப்ரீம் கோர்ட்டு பிப்ரவரியில் தீர்ப்பளித்தும், மத்திய சர்க்கார் மேலாண்மை வாரியத்தை அமைக்கவில்லை. வாசலில் மறியல் நடந்தது; மைதானத்துக்குள் செருப்பு வந்து விழுந்தது. பாக்கி ஆட்டங்களைப் புனாவுக்கு மாற்றிவிட்டார்கள்.

விளையாட்டில் அரசியல் எதற்கு என்று நானும் முதலில் கொதித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். ஆட்டக்காரர் மேல் செருப்பு வீசுவது அநாகரிகம். அதில் இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது. ஆனால் தஞ்சாவூர் ஜில்லாவில் வயல் வெடித்துக் கிடக்கிறதென்று கதறுகிறவனைப் பார்த்து, 'எங்கள் சந்தோஷத்தைக் கெடுக்காதே' என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நான் இரண்டு வருஷம் காத்திருந்தது கிரிக்கெட்டுக்காக. அவன் பல வருஷமாய்க் காத்திருப்பது தண்ணீருக்காக. அபிமானிகள் பலர் ரயிலேறிப் புனாவுக்குப் போய் ஆட்டம் பார்த்தார்கள். மே 27-ஆம் தேதி மும்பையில் நடந்த இறுதி ஆட்டத்தில் வாட்ஸன் 117 ஓட்டங்கள் எடுத்து ஆட்டமிழக்காமல் நிற்க, கோப்பை நமக்கே வந்தது. தண்டனையை அனுபவித்துவிட்டு வந்து பெற்ற வெற்றியாதலால், அதை மட்டும் யாரிடமும் வாதாடாமல் கொண்டாட முடிந்தது.

இனி, எதிர்க் கட்சிகளின் அதிர்ஷ்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெங்களூர் அணி பதினேழு முறை முயன்றும் கோப்பை பெறவில்லை. அவர்களைக் கேலி செய்வது சென்னையில் ஒரு நித்திய கர்மா. 2025-இல் நிலைமை தலைகீழாயிற்று. பத்து அணிகளில் சென்னை பத்தாவது. பெங்களூரோ ஜூன் 3-ஆம் தேதி கோப்பையைப் பெற்றுவிட்டது. வயிற்றெரிச்சலுடன் ஒரு நையாண்டி தயார் செய்து வைத்திருந்தேன். மறுநாள் பெங்களூரில் கொண்டாட்ட நெரிசலில் பதினோரு பேர் மாண்டுபோனார்கள். என்னைப் போல் தங்கள் அணியைப் பார்க்க ஆசைப்பட்டுப் போனவர்கள் அவர்கள். அதற்கு மேல் ஒரு குற்றமும் செய்யாதவர்கள். சட்டையின் வர்ணம் வேறு என்பதைத் தவிர, அவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? நையாண்டி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அன்று இரவு எனக்கு 1999-ஆம் வருஷம் ஜனவரி 31-ஆம் தேதி ஞாபகம் வந்தது. பாகிஸ்தான் அணி வரக்கூடாதென்று அம்மாதம் டில்லி ஆடுகளத்தையே சிலர் தோண்டிப் போட்டிருந்தார்கள். சேப்பாக்கத்தில் டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தும், நாம் 12 ஓட்டங்களில் தோற்றோம். மைதானம் ஒரு கணம் மௌனமாயிருந்தது. பிறகு ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி அந்தக் கரகோஷத்தை ஏற்றுக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவனும் தேசபக்தி குறைந்தவன் அல்ல. தோல்வியில் நெஞ்சு வலித்தவர்கள்தான் கை தட்டினார்கள்.

போன வாரம் என் பேரன், "தாத்தா, நாம் எந்தக் கட்சி?" என்று கேட்டான். "மஞ்சள் கட்சி" என்றேன். "அவர்கள் தப்புப் பண்ணினால்கூடவா?" என்றான்.

"தப்புப் பண்ணினால் முதலில் கண்டிக்க வேண்டியவர்கள் நாம்தான். நம் கட்சி அல்லவா?" என்றேன்.

சமையலறைப் பக்கம் பாத்திரச் சத்தம் சற்று நின்றது. பிறகு மறுபடியும் கேட்டது.