ஊர்த் தேர்தலில் நாமும் நிற்கலாம்

2019-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். அரையாண்டுத் தேர்வு முடிந்து, பிள்ளைகள் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் புறப்பட்டுக் கொண்டிருந்தார்கள். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், எங்க அம்மா பஞ்சாயத்துத் தலைவர் எலெக்‌ஷன்ல நிக்கிறாங்க" என்றாள்.

வாழ்த்தினேன். அவள் முகத்தில் மகிழ்ச்சியைக் காணோம்.

"ஆனா போஸ்டர்ல அப்பா படம்தான் டீச்சர் பெரிசா இருக்கு. அம்மா படம் மூலையில சின்னதா இருக்கு. நிக்கிறது அம்மாவா, அப்பாவா?"

அன்று எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. 'தேர்தலில் நிற்பது' என்றால் என்ன என்பதை நாமே சரியாக அறிந்திருக்கிறோமா என்ற எண்ணம் மட்டும் மனத்தில் தங்கிவிட்டது. அதன் விளைவே இக்கட்டுரை.

பழைய வழக்கமும் புதிய சட்டமும்

ஊர் மக்களே தம் ஊருக்குப் பொறுப்பாளரைத் தேர்ந்தெடுப்பது நமக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருக்க வேண்டும். சொந்த நிலமும் வீடும் வேண்டும். முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவர் நிற்கக் கூடாது, அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்கக் கூடாது. இவ்வளவு நுட்பமான விதிகளை வகுத்த அந்தச் சபையில் பெண்ணுக்கு இடம் இருக்கவில்லை.

அந்த இடத்தைச் சட்டம் உறுதி செய்ய ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், கிராம ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது. 74-ஆவது திருத்தம் நகரங்களுக்கும் அவ்வாறே செய்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் வந்தது. அதன்படி முதல் தேர்தல் 1996-இல் நடந்தது. 2016-இல் நம் மாநிலத்தில் பெண்களின் பங்கு பாதியாக உயர்த்தப்பட்டது.

யார் நிற்கலாம்?

சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் நிற்க 25 வயது நிறைந்திருக்க வேண்டும். உள்ளாட்சிக்கு 21 வயது போதும். இப்பக்கத்தைப் படிக்கும் மேல் வகுப்பு மாணவியருக்கு அது தொலைவில் இல்லை. பட்டம் தேவையில்லை, நிலமும் வீடும் தேவையில்லை. கிராம ஊராட்சிக்கு நிற்பவரின் பெயர் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும். அரசுப் பணியில் இருப்போர் நிற்க இயலாது. ஊராட்சிக்குச் செலுத்த வேண்டிய வரியைக் கேட்பு வந்த பிறகும் கட்டாதிருப்பவருக்கும் தகுதி இல்லை. ஆகவே நிற்க விரும்புவோர் முதலில் வீட்டு வரி ரசீதைத் தேடி எடுத்து வைத்துக் கொள்வது நல்லது.

இன்னொரு செய்தி பலருக்குத் தெரிவதில்லை. கிராம ஊராட்சி உறுப்பினர், தலைவர் ஆகிய இரு பதவிகளுக்கும் கட்சி அடிப்படையில் போட்டி கிடையாது. எந்தக் கட்சியின் சீட்டுக்காகவும் காத்திராமல் யாரும் நிற்கலாம். ஊராட்சி ஒன்றியக் குழுவுக்கும் மாவட்ட ஊராட்சிக்கும்தான் கட்சிச் சின்னம் உண்டு.

மனுவும் பணமும்

வேட்புமனுவைத் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் கொடுக்க வேண்டும். நம்மை முன்மொழிய வாக்காளர் ஒருவர் வேண்டும். சொத்து, கடன், கல்வி, குற்ற வழக்குகள் ஆகியவை பற்றிய உறுதிமொழியையும் இணைக்க வேண்டும். பிறகு மனுக்கள் பரிசீலிக்கப்படும். பட்டியலில் உள்ள பெயரும் மனுவில் எழுதிய பெயரும் ஒத்துப்போகின்றனவா, கையெழுத்துகள் எல்லாம் உள்ளனவா என்று அப்போது பார்ப்பார்கள். திரும்பப் பெறும் நாள் கடந்ததும் எஞ்சியவர்களுக்குச் சின்னம் ஒதுக்கப்படும்.

2019 தேர்தலில் ஊராட்சி உறுப்பினர் பதவிக்கு வைப்புத்தொகை 200 ரூபாய். தலைவர் பதவிக்கு 600 ரூபாய். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் இதில் பாதி. செலவுக்கும் உச்சவரம்பு உண்டு. அத்தேர்தலில் உறுப்பினர் 9,000 ரூபாயும் தலைவர் 34,000 ரூபாயும் வரைதான் செலவிடலாம் என்று விதித்திருந்தார்கள். முடிவு வந்தபின் வென்றவரும் தோற்றவரும் செலவுக் கணக்கைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்கத் தவறினால் மூன்றாண்டுகள் வரை நிற்க முடியாமற் போகும். உத்திரமேரூரில் தொடங்கிய கணக்குக் கேட்கும் வழக்கம் இன்றும் விடவில்லை!

கிராமத்து வாக்காளருக்கு நான்கு வாக்குகள். அவற்றுக்கு நான்கு நிறச் சீட்டுகள் தருவார்கள். ஊராட்சி உறுப்பினருக்கு வெள்ளை (சில சாவடிகளில் நீலமும் உண்டு), தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட உறுப்பினருக்கு மஞ்சள். எழுத்தறியாத பாட்டியும் நிறம் பார்த்து வாக்களிக்கலாம்.

நாற்காலி யாருக்கு?

இவ்வளவும் எளிது. கடினம் இதற்குப் பிறகுதான்.

சட்டம் இடம் ஒதுக்கிவிட்டால் ஊர் விட்டுக்கொடுத்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் தலைவர் பதவி பட்டியல் இனத்தவருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. 1996 முதல் பத்தாண்டுகள் அங்கே ஒரு தலைவர் நிலைத்து அமர முடியவில்லை. 2006-இல்தான் அமர முடிந்தது. சில ஊர்களில் பதவியை ஏலம் விட்டதாகவும் செய்திகள் வந்ததுண்டு. பெண்களுக்கு ஒதுக்கிய இடங்களிலோ நாற்காலி காலியாக இருப்பதில்லை. அதில் வேறொருவர் உட்கார்ந்துவிடுகிறார். பெயர் மனைவியுடையது, பேச்சு கணவருடையது.

குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, தெருச் சாலை, இடுகாடு எல்லாம் ஊராட்சியின் பொறுப்பு. தண்ணீர்க் குடம் தூக்குகிறவளுக்குத்தானே குழாய் எந்த நேரம் வறண்டு போகும் என்று தெரியும்? அவள் வாய் திறக்காவிட்டால் அந்த அறிவு ஊருக்குப் பயன்படாமல் போகிறது. கணக்கில் பிழை வந்தால் விளக்கம் கேட்டு வரும் கடிதமும் கையெழுத்திட்டவள் பெயருக்குத்தான் வரும், பின்னாலிருந்து பேசியவர் பெயருக்கன்று.

என் மாணவியின் தாய் வெற்றி பெற்றார். முதல் சில மாதங்கள் கூட்டத்தில் அவருடைய கணவர்தான் பேசினாராம். ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்த பில்களை மகள் உரக்கப் படித்திருக்கிறாள். தெருவிளக்கு இருபது என்று ஒன்றில் கண்டிருந்தது. அடுப்படியிலிருந்த தாய், "மாட்டினது பன்னிரண்டுதானே?" என்றார். கணவர், "அதெல்லாம் உனக்கு எதுக்கு? கையெழுத்தைப் போடு" என்றார். தாய் போடவில்லை. மறுநாள் காலை மகளுடன் தெருத்தெருவாக நடந்து எண்ணினார். பன்னிரண்டே இருந்தன. பில் திருத்தப்பட்டு வந்த பிறகே கையெழுத்திட்டார். அடுத்த கூட்டத்தில் அவரே பேசினார் என்று அந்தப் பெண் என்னிடம் சொன்னபோது, அவள் முகத்தில் அன்று காணாத மகிழ்ச்சியைக் கண்டேன்.

டிசம்பரில் அவள் கேட்ட கேள்விக்கு விடையும் எனக்கு அன்றுதான் கிடைத்தது. மனுவைக் கொடுப்பதால் மட்டும் ஒருத்தி நின்றவள் ஆகிவிடுவதில்லை. படித்துப் பார்த்துக் கையெழுத்திடுகிறவளே உண்மையில் நிற்கிறாள்.

இன்றே தொடங்கலாம்

சென்னை மாநகராட்சிக்கு 1950-களிலேயே தாரா செரியன் என்ற பெண்மணி மேயராக இருந்தார். 2022-இல் ஆர். பிரியா தமது 28-ஆம் வயதில் அதே பொறுப்பை ஏற்றார். ஆனால் நாம் அவ்வளவு தொலைவு பார்க்க வேண்டியதில்லை. குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தியடிகள் பிறந்த நாள் ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்ந்துள்ளன. வாக்காளர் யாரும் அங்கே எழுந்து கேள்வி கேட்கலாம். பெற்றோரே, அடுத்த முறை உங்கள் பெண் பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். தன் அம்மா நாலு பேர் நடுவில் எழுந்து பேசுவதை அவள் ஒருமுறை பார்த்தால் போதும்.

மாணவச் செல்வங்களே, பள்ளித் தலைவி தேர்தலில் நிற்கக் கூசிப் பின்வரிசையில் ஒளிந்து கொள்கிறவர்கள் உங்களில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். தோற்றால் நால்வர் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தப் பத்தாம் வகுப்பு மாணவிக்கு இன்று 21 வயது நிறைந்துவிட்டது. அண்மையில் பள்ளிக்கு வந்தவள், "எங்க வார்டுல நான் நிக்கலாம்னு இருக்கேன் டீச்சர்" என்றாள்.

"போஸ்டரில் யார் படம் போடப் போகிறாய்?" என்று கேட்டேன்.

"என் படம் மட்டும்தான் டீச்சர்" என்றாள்.