நெற்றியில் எழுதிய பெயர்

ஆர்.கே.பேட்டை கடைவீதியில் ஒரு ரேடியம் ஸ்டிக்கர் கடை. வாசலில் புத்தம் புதுக் குட்டியானை நிற்கிறது. தறிக்கு நூல் மூட்டை ஏற்றிவர வாங்கிய வண்டி. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. கடைக்காரர் முன்கண்ணாடியின் மேல் ஓரத்தில் சோப்புத் தண்ணீரைத் தெளித்து, மஞ்சள் எழுத்துகளை வைத்து, பழைய ஏடிஎம் கார்டால் காற்றுக் குமிழிகளை ஓரமாகத் தள்ளி வழித்துவிடுகிறார். மூன்றே எழுத்து. வண்டிக்காரரின் மூத்த பெண்ணின் பெயர். பள்ளிச் சீருடையோடு நிற்கும் அவள், யாரோ ஒருத்தியின் பெயரைப் படிப்பதுபோல அதை எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள்.

2005-ல் டாடா நிறுவனம் ‘ஏஸ்’ என்று பெயர் சூட்டி விற்பனைக்கு விட்ட வண்டி அது. ‘குட்டியானை’ நம் சாலை வைத்த செல்லப் பெயர். கம்பெனி ஒரு பெயர் வைக்கும், ஊர் ஒன்று வைக்கும், வாங்கியவர் தன் பிள்ளையின் பெயரை மேலே எழுதுவார். எது நிற்கிறது என்பதைக் காலம்தான் முடிவு செய்கிறது.

உலகின் பெயர்பெற்ற கார் ஒன்றுக்கும் இப்படித்தான் ஒரு தகப்பன் பெயர் வைத்தார். எமில் ஜெல்லினெக் என்ற வணிகர் பிரான்சின் நீஸ் நகரில் ஜெர்மனியின் டைம்லர் கார்களை விற்றுவந்தார். 1899-ல் பந்தயத்தில் இறங்கியபோது தன் பெயரை மறைத்து மகளின் பெயரைக் கொடுத்தார்: மெர்சிடிஸ். அடுத்த ஆண்டு டைம்லர் ஆலையில் ஒரே மூச்சில் 36 கார்கள் கேட்டார். வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த 35 குதிரைத்திறன் எஞ்சின் வேண்டும், வண்டிக்கு என் மகளின் பெயர் வேண்டும் என்றார். அப்போது அவளுக்குப் பத்து வயது. 1902-ல் அந்தப் பெயர் சட்டப்படி பதிவானது. மறு ஆண்டே ஜெல்லினெக் தன் பெயரோடும் மெர்சிடிஸைச் சேர்த்துக்கொண்டார். மகள் பெயரைத் தகப்பன் தாங்கியது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அது ஸ்பானியப் பெயர். அருள் என்று பொருள். நம் வீட்டில் பிறந்திருந்தால் அருள்செல்வி என்றிருப்பார்கள்.

இளைய மகள் மாயாவின் பெயரிலும் ஆஸ்திரியாவின் டைம்லர் ஆலை கார் செய்தது. அது நிலைக்கவில்லை.

பெயரை இழந்தவரும் உண்டு. ஆகஸ்ட் ஹோர்ச் தான் தொடங்கிய கம்பெனியில் கூட்டாளிகளோடு பிணங்கி 1909-ல் வெளியேறி, புதுக் கம்பெனி ஆரம்பித்தார். ஹோர்ச் என்ற பெயர் பழைய கம்பெனிக்கே சொந்தம் என்றது நீதிமன்றம். சொந்தப் பெயரைத் தானே வைத்துக்கொள்ள முடியாத நிலை. ஜெர்மன் மொழியில் ‘ஹோர்ச்’ என்றால் ‘கேள்’. நண்பர் வீட்டில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, அங்கே படித்துக்கொண்டிருந்த பையன் லத்தீனில் அதற்கு ‘ஆடி’ என்று சொன்னான். அந்தச் சொல்தான் இன்றைய ஆடி கார்.

இவ்வளவு தூரம் போவானேன், நம் எண்ணூருக்கு வருவோம். 1948-ல் ரகுநந்தன் சரண் தொடங்கிய மோட்டார் கம்பெனிக்கு மகன் அசோக்கின் பெயரை வைத்தார். அசோக் மோட்டார்ஸ் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டித் தந்தது. பிறகு இங்கிலாந்தின் லேலண்ட் கம்பெனியோடு சேர்ந்து, 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. லேலண்ட் என்பது அங்கே ஓர் ஊரின் பெயர். ஆக, நாம் ஏறி இறங்கும் எத்தனையோ பேருந்துகளின் முகப்பில் ஒரு பிள்ளையும் ஓர் ஊரும் சேர்ந்தே வருகிறார்கள்.

லாரிக்காரர்களிடம் ஜெர்மன் பெயர் வந்து சேர்ந்தது 1954-ல். டாடாவும் டைம்லர்-பென்ஸும் கைகோத்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்தன. 15 ஆண்டு ஒப்பந்தம் 1969-ல் முடிந்தது. மெர்சிடிஸ் நட்சத்திரம் இறங்கிவிட, டாடா என்ற பெயர் மட்டும் நின்றது. கிளீனராக ஏறி டிரைவரான என் தாய்மாமா 1980-களில் ஓட்டிய வண்டியில் டாடா என்றுதான் எழுதியிருந்தது. அவரோ கடைசிவரை ‘பென்ஸ் வண்டி’ என்றே சொன்னார். “பென்ஸு மேட்டுல மூச்சு வாங்காதுடா” என்பார், வீட்டுப் பிள்ளையைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

அந்தப் பெயருக்கு உரியவர் 1886-ல் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்ற கார்ல் பென்ஸ். ஆனால் பெயரை ஊரறியச் செய்தவர் அவர் மனைவி பெர்த்தா. 1888 ஆகஸ்டில் கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு, மன்ஹைமிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி அம்மா வீடு போய்ச் சேர்ந்தார். எரிபொருளை வழியில் மருந்துக் கடையில் வாங்கினார். அடைத்துக்கொண்ட குழாயைத் தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார்.

நட்சத்திரம் இறங்கி நாற்பது ஆண்டு கழித்து, டைம்லர் கம்பெனி ஒரகடத்தில் லாரி ஆலை கட்டியது. 2011-ல் பெயரை அறிவித்தார்கள். டைம்லர் என்றில்லை, மெர்சிடிஸ் என்றும் இல்லை: பாரத்பென்ஸ். மாமாவைப் போன்றவர்கள் நாக்கில் காப்பாற்றி வைத்திருந்த சொல் அது என்றே நான் நம்புகிறேன். 2012-ல் ஆலை திறந்தது. அதே ஆலையிலிருந்து கடல் கடந்து போகும் லாரிகள் பல ஃபூசோ என்ற பெயரில் போகின்றன. உள்ளூரில் ஒரு பெயர், வெளியூரில் ஒரு பெயர்.

டிரைவர்கள் புழங்குவது இதையெல்லாம்விடச் சுருக்கமான எண் பெயர். 2523 என்றால் மொத்த எடை 25 டன், திறன் 230 குதிரை. டாடா 407-ம் இந்தக் கணக்கில் வந்ததுதான். லோடு கேட்டு வருபவருக்கு அந்த எண்ணே போதும்.

ஸ்டிக்கர் ஒட்டி முடிந்தது. கடைக்காரர் துணியால் கண்ணாடியைத் துடைத்து இரண்டடி பின்னால் வந்து, கோணல் இருக்கிறதா என்று பார்க்கிறார். அதுவரை வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்த சின்னவள் நின்றுவிட்டாள்.

“என் பேரு எங்கப்பா?”

வண்டிக்காரர் அவளைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போகிறார். பின்கதவில் விரலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுகிறார். கடைக்காரர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னாலேயே நடக்கிறார்.